களியும் பிரியாணியும்: கடிதம்

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்தில் ஆசிரியராக இருக்கிறேன். ஐந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். வாரம் முழுக்கக் கேழ்வரகுக் களியோடு கட்டுப்பாடாக இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை வாணியம்பாடி போகும் வழியில் ஆம்பூரில் பிரியாணி தின்றுவிட்டால் அன்றோடு சரி, இரவு வரை கையும் வாயும் ஓய்வதில்லை. இதில் எது என் உண்மையான மனம்?

க.

அன்புள்ள க.,

இரண்டும் உங்கள் மனம்தான். ஓர் உணவின் மீதுள்ள ஆசை ஏறினால் அச்சம் இறங்கிவிடும் என்று நினைக்கிறோம். இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருக்கக்கூடும் என்பதால் உளவியலாளர்கள் அவற்றைத் தனித்தனியாகவே அளக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது 'அன்றோடு சரி' என்ற சொல். 1975இல் ஹெர்மன், மேக் என்ற இரு ஆய்வாளர்கள் கல்லூரிப் பெண்களுக்கு மில்க் ஷேக் கொடுத்துவிட்டுப் பிறகு ஐஸ்கிரீமை முன்னே வைத்தார்கள். உணவுக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் மில்க் ஷேக் குடித்ததற்கு ஏற்ப ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொள்ள, கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ குடித்த பிறகு கூடுதலாகத் தின்றார்கள். விரதம்தான் கலைந்துவிட்டதே, இனி என்ன என்ற கணக்கு அது. ஒரு தட்டு பிரியாணி சர்க்கரையை ஏற்றும், மறுக்கவில்லை. ஆனால் இரவு வரை நீங்கள் தின்பதற்குச் சீரகச் சம்பாவைக் குற்றம் சொல்ல முடியாது.

களிக்கு வருகிறேன். என் சிறுவயதில் எங்கள் பக்கம் அது இல்லாதவர்களின் சோறு. விருந்தாளி வந்தால் களிப்பானையை மறைத்துவிட்டு நெல்லுச்சோறு வடிப்பார்கள். அன்று வெட்கமாக இருந்தது இன்று மருந்தாகத் திரும்பியிருக்கிறது, நடுவில் ருசி என்று ஒன்று இருந்ததை மறந்துவிட்டோம். உருண்டையின் நடுவே குழித்து மொச்சைக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பை ஊற்றி, கிள்ளித் தோய்த்து, மெல்லாமல் தொண்டையில் வழுக்கவிடும் சுகத்தை எந்த மருத்துவரும் சீட்டில் எழுதித் தருவதில்லை. உடலுக்குக் கெடுதல் என்று சொல்லித் தந்த பண்டத்தையே மக்கள் கூடுதல் ருசி என்று மதிப்பிட்டதை 2006இல் ராஜகோபால் ரகுநாதனும் உடன் ஆய்ந்தவர்களும் காட்டினார்கள். உங்கள் களி தோற்பது இந்த இடத்தில்தான். (களியும் மாவுச்சத்துதான், நல்லதாயிற்றே என்று இரண்டு உருண்டை போட்டுக்கொள்ளாதீர்கள்.)

ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு பிரியாணி என்பதை மருத்துவரிடம் கேட்டுச் சனிக்கிழமையே முடிவு செய்துவிடுங்கள். அன்றிரவும் வழக்கமான களியே இருக்கட்டும், இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய்க் கடையலோடு.