கேள்வி மேடை: ஸ்லைடும் வேண்டும், முட்டையும் வேண்டும்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் அறிவியல் எடுக்கிறேன். ஸ்லைடு போட்டால் பத்தே நிமிடத்தில் கேமராவை அணைத்துவிடுகிறார்கள். கையில் இருப்பது ஒரு செல்போன், ஒரு பழைய லேப்டாப். என்ன செய்யலாம்?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் ஸ்லைடை முதலில் செல்போனில் திறந்து பாருங்கள். பிள்ளைகள் பார்ப்பதும் அதில்தானே! 28 பாயின்டுக்குக் குறைந்தால் எழுத்து எறும்பு ஊர்வது போலத் தெரியும். ஸ்லைடுக்கு ஒரு படம், ஒரு வரி போதும். வேறு கணினியில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்தால் அங்கே அந்த எழுத்துரு இல்லை. பிடிஎஃப் ஆக்கிக் காட்டுங்கள்.

ஆனால் ஸ்லைடை விடக் கை வேலைதான் கண்ணை இழுக்கும். மிதத்தல் பாடமா? கண்ணாடி டம்ளரில் கால் லிட்டர் தண்ணீர், ஒரு பச்சை முட்டை. மூழ்கும். முட்டையை எடுத்துவிட்டு நாலு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து, மறுபடி விடுங்கள். மிதக்கும். விடுவதற்கு முன் "மூழ்குமா, மிதக்குமா?" என்று சாட்டில் எழுதச் சொல்லுங்கள். காசிமேட்டுப் படகு ஏன் மிதக்கிறது என்ற கேள்வி தானாக வரும்.

படம் வரைந்து காட்ட, இரண்டு புத்தக அடுக்கின் மேல் ஸ்கேலைப் பாலமாக வைத்து, போனைத் திரை மேலே தெரியும்படி படுக்க வையுங்கள். பின்பக்கக் கேமரா மட்டும் வெளியே நீளட்டும். வலது கைக்காரர் என்றால் வெளிச்சம் இடப்பக்கம். இல்லாவிட்டால் கை நிழல் எழுத்தை மறைக்கும். டியூப்லைட்டில் படம் வரி வரியாக ஓடுகிறதா? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பதிவு செய்யும்போது ஷட்டரை (கேமரா ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/50 அல்லது 1/100 விநாடி வையுங்கள். மைக்கில் சத்தம் விழாமலிருக்க ஃபேனை மட்டும் அணைத்தே ஆக வேண்டும், வியர்த்தாலும்!