மூச்சை நம்பாதீர்கள், காலைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: ஆடியில் அந்தியூர் குதிரைச் சந்தையில் ஐந்து வயது மார்வாரி பெண் குதிரை வாங்கினேன். மூன்று மாதமாக ஓட்டுகிறேன். ட்ராட்டில் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட துள்ளோட்டம்) 15 கி.மீ. போனாலும் மூச்சு வாங்குவதில்லை. மார்கழியில் 40 கி.மீ. எண்டியூரன்ஸ் (நெடுந்தூர ஓட்டம்) போட்டி. "தைரியமா இறக்கு" என்கிறார்கள் நண்பர்கள். இறக்கலாமா?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: இந்த மார்கழி வேண்டாம், தம்பி. அடுத்த மார்கழிக்குத் தயார் செய்யுங்கள்.

குதிரைக்கு மூச்சும் சதையும் மூன்று நான்கு மாதத்தில் தேறிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் உறுதிப்பட ஆறு மாதம் முதல் ஒரு வருடம். எலும்புக்கு அதற்கும் மேல். மூச்சு வாங்காத குதிரை இன்னும் ஓடுகிறேன் என்றுதான் சொல்லும். கால் தாங்காது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. என் முதல் குதிரையை நான்கே மாதப் பயிற்சியில் போட்டிக்குக் கொண்டுபோனேன். அன்று நொண்டக்கூட இல்லை. மறுநாள் காலை முன்னங்காலின் பின்பக்கத் தசைநாண் வீங்கிச் சுட்டது. அதன்பிறகு அது போட்டிக்கே போகவில்லை. என் அவசரத்துக்கு அது கொடுத்த விலை.

தை வரை நடையே பெரும்பகுதியாக இருக்கட்டும், நடுநடுவே சின்னச் சின்ன ட்ராட். பிறகு தூரத்தைக் கூட்டுங்கள். தூரம் கூடும் வாரத்தில் வேகம் கூடக் கூடாது. மேடேறப் பழக்கும் வாரத்தில் இரண்டுமே கூடக் கூடாது. வாரத்தில் இரண்டு நாளாவது சேணம் வேண்டாம். பங்குனி, சித்திரை வெயிலில் விடியற்காலை மட்டும், குறைந்த தூரம். ஆடி கழிந்து நிதானமாக 30 கி.மீ. போய்வந்து, மறுநாளும் கால்கள் சில்லென்று இருந்தால் 40-ஐ யோசிக்கலாம். தினமும் காலையில் நான்கு கால்களையும் தடவிப் பாருங்கள். சூடோ வீக்கமோ தெரிந்தால் அன்று லாயத்திலேயே நிற்கட்டும்.

ஒரு ஸ்டெதாஸ்கோப் வாங்கிக்கொள்ளுங்கள். இடது முழங்கைக்குப் பின்னால் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் நாடித் துடிப்பு. ஓய்வில் 28 முதல் 44 வரை இருக்கும். போட்டியில் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் குறித்த நேரத்துக்குள் அது 64-க்கு இறங்க வேண்டும். அதன்பின் மருத்துவர் குதிரையை ட்ராட்டில் ஓடவிட்டு நொண்டல் பார்ப்பார். முதலில் வந்தாலும் இதில் தவறினால் வெளியேற்றம்தான். அமெரிக்காவில் 1955-ல் தொடங்கிய டெவிஸ் கோப்பை, ஒரே நாளில் 160 கி.மீ. மலைப்பாதை. அங்கே முதலில் வருபவருக்கு ஒரு கோப்பை. முதல் பத்து இடங்களுக்குள் வந்தவற்றில் மிக நல்ல நிலையில் இருக்கும் குதிரைக்குத் தனியாக இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் பெரிது.

உழைப்பு கூடுகிறதென்று கொள்ளு அள்ளிப் போடாதீர்கள். 350 கிலோ குதிரைக்குத் தினம் 6, 7 கிலோ உலர்புல் முதலில் போகட்டும். குதிரை வியர்வையில் உப்பு நம் வியர்வையைவிட அதிகம், ஆகவே தீவனத்தில் உப்பு அவசியம். ஓடி வந்த குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்பார்கள். அது தவறு, குடிக்க விடுங்கள்.

வயதையும் பல் பார்த்து மருத்துவரிடம் உறுதிசெய்யுங்கள். முதுகெலும்பு வளர்ந்து முடியவே ஐந்தரை, ஆறு வயதாகும்.

மார்கழிப் போட்டிக்கு நீங்கள் மட்டும் போங்கள். பரிசோதனை நடக்கும் இடத்தில் கூடமாட உதவ ஆள் தேடுவார்கள். காலை முதல் மாலை வரை அங்கேயே நின்று, எந்தக் குதிரை எதற்காக நிறுத்தப்படுகிறது என்று பாருங்கள்.