அட்டையில் இல்லாத ஏசி

கேள்வி: ஐயா, உப்புவெளியில் ஒருவர் 1980ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 240டி விற்கிறார். வெள்ளை நிறம், ஓட்டோ கியர், ஏசி, கரண்டில் திறக்கும் சன்ரூஃப். எல்லாம் கம்பனியிலேயே வந்தவை என்கிறார். கையேட்டோடு ஓர் அட்டை இருந்தது. சாசி எண் 123.123-22 என்று தொடங்குகிறது. பெயின்ற் 623. பிறகு 420, 466 மட்டும். இவை என்ன?
(வாசகர், திருகோணமலை)

பதில்: தம்பி, காரைவிட அந்த அட்டை உண்மை பேசுகிறது. கார் கம்பனியிலிருந்து வரும்போது என்னென்ன பொருத்தியிருந்தது என்பதை எண்களில் சொல்வது அது. 123.123 என்றால் 240டி. அடுத்த 2 வலப்பக்க ஸ்டீயரிங், அதற்கடுத்த 2 ஓட்டோ கியர். 420உம் ஓட்டோ கியரைத்தான் சொல்கிறது, சரி. 466 சென்ட்ரல் லொக். கம்பனி ஏசி என்றால் 580 இருக்கவேண்டும், கரண்ட் சன்ரூஃபுக்கு 412. இரண்டையும் காணோம். அப்படியென்றால் இரண்டும் பின்னால் போட்டவை.

623 வெள்ளையே இல்லை, இளம் தந்த நிறம். ஜெர்மனியில் டாக்சிக்காரர் பெரும்பாலும் ஓட்டுவது அந்த நிறத்தில்தான். நல்ல நிறம், ஏன் மறைத்தார்களோ! டிக்கியில் விரிப்பைத் தூக்கி, ஸ்பெயர் ரயர் கிடக்கும் குழியைப் பாருங்கள். மறுபெயின்ற் அடிப்பவர்கள் அங்கே கை வைப்பது குறைவு.

அட்டை இந்தக் காருடையதுதானா என்று கேட்பீர்கள். பொனற்றைத் திறந்தால் ரேடியேற்றருக்கு மேலுள்ள குறுக்குச் சட்டத்தில் ஒரு சிறு தகடு இருக்கும், பெயின்ற் எண்ணும் இந்தக் குறியீடுகளும் அதிலே. நம்மூர்க் கடல் காற்றில் அது துருப்பிடித்தோ, பெயின்றுக்குள் மூழ்கியோ கிடக்கும். தின்னர் போட்டுத் தேய்க்காதீர்கள். மெல்லிய தாளை வைத்து பென்சிலைச் சாய்த்து உரசினால் இலக்கங்கள் எழும்பி வரும்.

பின்னால் போட்ட ஏசி என்பதற்காக வேண்டாம் என்று சொல்லமாட்டேன், சித்திரை வெயிலில் அது வேண்டும். கம்பனி ஏசிக்கான விலையைக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். சன்ரூஃப் வேறு கதை. பின்னால் வெட்டிய கூரையில் மழைத்தண்ணீர் இறங்கும். ஓரத்து ரப்பரையும் உள்ளே கூரைத் துணியில் கறையையும் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

இன்னொன்று. எஞ்சின் எண் 616 என்று தொடங்கவேண்டும். ஜப்பான் டீசல் எஞ்சின் ஏற்றிய 240டிகள் நிறையவே ஓடுகின்றன. வேறு எண் இருந்து, பதிவுப் புத்தகத்திலும் மாற்றாமல் விட்டிருந்தால், அதைத் திருத்தித் தரும்வரை முற்பணம் கொடுக்கவேண்டாம்.