கூடையில் அதிகம் பந்து போடாத ஆளுக்கு அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் என்ன வேலை? உடோனிஸ் ஹாஸ்லெம் என்பவர் 20 சீசன் எப்படித் தாக்குப்பிடித்தார்?

கூடையில் போடும் பந்துகளை மட்டும் எண்ணினால் ஹாஸ்லெம் புரியமாட்டார். அணிகள் புது ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2002இல் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. பிரான்சுக்குப் போய் ஒரு சீசன் ஆடினார். 2003இல் சொந்த ஊரான மயாமியின் ஹீட் அணியில் சேர்ந்தவர், 2023இல் ஓய்வு பெறும்வரை வேறு சட்டை போடவில்லை. கோப்பை மூன்று: 2006, 2012, 2013.

அவருடைய தொழில் ரீபவுண்ட், அதாவது கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்தைப் பிடிப்பது. பாளையங்கோட்டையில் நான் பள்ளி அணியில் ஆடியபோது பி.டி. சார் இதற்கென்றே தினமும் அரை மணி நேரம் ஒதுக்குவார். ஷாட் கிளம்பியதும் எல்லோரும் அண்ணாந்து பந்தைப் பார்ப்போம். "பந்து எங்கலே போயிரும்? ஆளப் பிடி!" என்பார். எதிராளிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அதை அவன் நெஞ்சில் அழுத்தி, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி நிற்க வேண்டும். அவனால் உள்ளே வர முடியாது. பந்து தானாக உங்களிடம் வரும், இல்லையென்றால் உங்கள் கூட்டாளிக்குப் போகும். மறுநாள் விலா வலிக்கும், ஸ்கோர் ஷீட்டில் உங்கள் பெயர் இருக்காது.

இதை வருடக்கணக்கில் செய்துதான், டிராஃப்டில் விலைபோகாத அந்த மனிதர் ஹீட் வரலாற்றிலேயே அதிக ரீபவுண்ட் எடுத்தவரானார். 2006 இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் மட்டும் 17 புள்ளி, 10 ரீபவுண்ட்.

கடைசிச் சில வருடங்கள் பெரும்பாலும் பெஞ்சில்தான். சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுத்தார்கள் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். இளசுகளை அதட்ட ஒரு அண்ணாச்சி வேண்டாமா? 2024இல் அவருடைய 40ஆம் எண் சட்டைக்கும் ஹீட் ஓய்வு கொடுத்துவிட்டது; அந்த எண்ணை இனி அந்த அணியில் வேறு யாருக்கும் கொடுக்கமாட்டார்கள்.