வாசகர் கேள்வி: கோடை லீவும் குமிழித் தூம்பும்

போன இதழ்ல, புதுக்கோட்டை பக்கம் எங்க வரலாற்று ஆர்வலர் குழு சித்திரை வைகாசியில என்னெல்லாம் பண்ணுதுன்னு சும்மா ரெண்டு பத்தி எழுதிருந்தேன். அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கல. எல்லாத்துக்கும் பதில் சொல்ல இடம் இல்ல, ஒரே மாதிரி வந்ததை எல்லாம் ஒண்ணா சேர்த்துட்டேன்.

மே மாசம் கம்மாய்க்குள்ள நடைன்னு போட்டிருந்தீங்க. அந்த வெயில்ல யாராவது போவாங்களா? மார்கழியில வச்சா நல்லா இருக்காதா?
(திருமயம் வாசகி)

மார்கழியில வச்சா நீச்சல் தெரிஞ்சவங்க மட்டும் தாம்மா வர முடியும்!

விளையாட்டுக்கு சொல்லல, நிஜமாவே விஷயம் அதான். நம்ம மாவட்டத்துல வருஷம் முழுக்க தண்ணி ஓடுற ஆறுன்னு ஒண்ணு கிடையாது, வெள்ளாறே பாதி நாள் மணலா தான் கிடக்கும், அதனால அந்தக் காலத்துலேயே ஊருக்கு ஊர் கம்மாய் வெட்டி மழைத்தண்ணிய பிடிச்சு வச்சுத் தான் விவசாயம் பண்ணிருக்காங்க. அந்தக் கம்மாய்க்குள்ள, கரையில இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி ரெண்டு கல்தூண் நட்டு நடுவுல குறுக்குப் பலகை வச்ச மாதிரி நிக்கும் பாத்திருப்பீங்க, ஆடு மேய்க்கிற பசங்க ஏறி உக்காந்திருப்பாங்க. அதான் குமிழித் தூம்பு. அந்தத் தூண்ல தான் கல்வெட்டு இருக்கும். ஐப்பசியில மழை விழுந்துட்டா தூண் பாதி தண்ணிக்குள்ள போயிடும், கோடையில கம்மாய் வத்துனா தான் நடந்தே போய் தொட்டுப் பாக்க முடியும். வருஷத்துல ரெண்டு மாசம் தான் திறந்திருக்கிற லைப்ரரின்னு வச்சுக்குங்க.

குமிழி வேலை செய்யற விதம் தெரிஞ்சா நீங்களே அடுத்த ஞாயித்துக்கிழமை கிளம்பிடுவீங்க. ரெண்டு தூணுக்கும் அடியில தரைக்குள்ள ஒரு கல்தொட்டி. தொட்டிய மூடியிருக்கிற பலகைக்கல்லுல ஒரு வட்ட ஓட்டை, அதுக்குப் பேரு நீரோடி. அந்த ஓட்டைய அடைக்க ஒரு குமிழு, அதுல ஒரு நீளக் கம்பு, அந்தக் கம்பு மேல இருக்கிற குறுக்குப் பலகை ஓட்டைகள் வழியா நேரா மேல வரும். நீர்பாய்ச்சுறவர் தண்ணிக்குள்ள நீந்திப் போய் கம்ப தூக்கி விட்டா தண்ணி நீரோடி வழியா தொட்டிக்குள்ள இறங்கி, கரைக்கு அடியில போற சுருங்கை வழியா வயலுக்குப் போயிடும். இதுல கெட்டிக்காரத்தனம் எங்கன்னா, தொட்டியோட பக்கத்துல, கம்மாய் தரை மட்டத்துல, சின்னச் சின்னதா இன்னும் சில ஓட்டை இருக்கும். அது சேறோடி. மேல தண்ணி வேகமா இறங்கறப்போ கீழ படிஞ்ச சேறும் இது வழியா இழுத்துட்டுப் போய் வயல்ல எருவா விழுந்துடும். கம்மாயும் தூந்து போகாது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி யோசிச்சிருக்காங்க, நம்ம இப்ப லாரி வச்சு வண்டல் அள்ளிட்டு இருக்கோம்.

தூண்ல என்ன எழுதிருக்கும்னு எல்லாரும் கேக்கறாங்க. பெருசா ஒண்ணும் இருக்காது. இன்ன ராஜாவோட இத்தனாவது வருஷம், இன்ன ஊர் இன்னார் மகன் இன்னார் இந்தக் குமிழிய செஞ்சு வச்சார், அவ்ளோ தான். சிலது வட்டெழுத்துல இருக்கும், முத்தரையர் காலம், சோழர் காலம், பாண்டியர் காலம்னு மாறி மாறி வரும். ஆனா பாருங்க, கோயில் கல்வெட்டுல முக்கால்வாசி நிலம் குடுத்தவன், விளக்குக்கு ஆடு விட்டவன் கதை. இங்க தண்ணி விட்டவன் பேரு இருக்கு. எனக்கு என்னமோ இது தான் பெருசா தெரியுது, கோயில்காரங்க கோவிச்சுக்காதீங்க.

வெயிலுக்கு பதில்: காலையில 6 மணிக்கு ஆரம்பிச்சு 9 மணிக்குள்ள மரத்தடிக்கு வந்துடுவோம்.

மடைய திறந்து விடுறவரைத் தான் ‘மடையன்’னு சொன்னாங்க, வெள்ளத்துல உயிரைக் குடுத்த அவரோட பேரை நாம திட்டா மாத்திட்டோம்னு ஒரு மெசேஜ் வருதே, உண்மையா?
(பொன்னமராவதி வாசகர்)

எனக்கும் மாசம் ஒருக்கா வருது ஐயா. படிக்கறப்போ கண்ணுல தண்ணி வருது, ஆனா ‘மட’ங்கற சொல்லுக்கு அறியாமைன்னு சங்க இலக்கியத்துலேயே பொருள் இருக்கு, மடமை, மடவோர் எல்லாம் அதே குடும்பம். திட்டு அங்க இருந்து வந்தது. நீர்பாய்ச்சுனவங்க பட்ட பாடு உண்மை, அதுக்கு இந்தக் கதை தேவையில்ல.

எட்டு வயசு பையன், பதிமூணு வயசு பொண்ணு. லீவு விட்டதுல இருந்து போன தவிர எதையும் தொடறதில்ல. உங்க குழு வகுப்புக்கு கூட்டிட்டு வந்தா உக்காருவாங்களா?
(அறந்தாங்கி வாசகி)

உக்கார வைக்கிற வகுப்பே இல்லம்மா. நாங்களும் மொத வருஷம் ஒரு மண்டபத்துல ஃபேன் போட்டு, புரொஜெக்டர் வச்சு, சேர சோழ பாண்டியர்னு ஆரம்பிச்சோம். இருபது நிமிஷத்துல பாதிப் புள்ளைங்க தூங்கிருச்சு, பேசுனவரும் கொட்டாவி விட்டார்.

இப்ப தமிழி எழுத்துல இருந்து ஆரம்பிக்கறோம். தமிழ்-பிராமின்னு சொல்றது அது தான். ‘க’ன்னா கூட்டல் குறி, ‘ட’ன்னா பாதி வட்டம், இப்படி ரெண்டு மணி நேரத்துல அவங்கவங்க பேரை எழுதிடுவாங்க, அப்புறம் யாருக்கும் புரியாத ரகசிய எழுத்து கிடைச்ச சந்தோஷத்துல வீட்டு சுவரெல்லாம் எழுதி வைப்பாங்க, அதுக்கு நாங்க பொறுப்பில்ல. மறுநாள் சித்தன்னவாசல் ஏழடிப்பட்டம். மலை மேல இயற்கையான குகை, உள்ள வழவழன்னு தேச்ச கல்படுக்கை, சமணத் துறவிங்க படுத்த இடம், அதுல ஒண்ணுல அதே எழுத்து இருக்கு. ரெண்டாயிரம் வருஷ எழுத்துல ஒரு ‘க’வ தேடிக் கண்டுபிடிச்சுட்டு எட்டு வயசு பையன் கத்துவான் பாருங்க. கீழ அறிவர் கோயில் விதானத்துல தாமரைக்குளம் ஓவியம், 9ஆம் நூற்றாண்டுல இளங்கௌதமர்னு ஒரு சமண ஆசிரியர் அந்தக் கோயில புதுப்பிச்சதா கல்வெட்டு சொல்லுது. மீன், யானை, பூ பறிக்கிற ஆளு எல்லாம் அங்க இருக்கு, ஆனா மங்கிப் போயிருக்கு, அதனால மொபைல் டார்ச் அடிக்கக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லிக் கூட்டிட்டுப் போங்க.

உங்க பொண்ணுக்கு திருமயம் பிடிக்கும். எல்லாரும் கோட்டை மேல ஏறி பீரங்கி கிட்ட செல்ஃபி எடுத்துட்டு இறங்கிடறாங்க. கீழ ஒரே பாறையில சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் பக்கத்துப் பக்கத்துல குடைஞ்சிருக்கு. ரெண்டு தரப்புக்கும் வருமானம், நிலம், எல்லைன்னு பல காலமா சண்டை, கடைசியில 1245ல அப்பண்ணன்னு ஒரு போசள தளபதி வந்து உக்காந்து பஞ்சாயத்து பண்ணி, வருமானத்த பிரிச்சு, நடுவுல சுவர் வைக்கச் சொல்லி தீர்ப்பு எழுதி கல்லுல வெட்டிட்டுப் போனாரு. நாங்க போன வருஷம் புள்ளைங்கள ரெண்டு கட்சியா பிரிச்சு அதையே வழக்கா நடத்தச் சொன்னோம். தீர்ப்பு சொல்ல வந்த பையன் பயந்து ஓடிட்டான், ஆனா வாதம் பிரமாதம்.

அப்பத்தா சுருக்குப் பையில ஒரு குட்டி செம்புக்காசு கிடைச்சுது. ஒரு பக்கம் சாமி, ஒரு பக்கம் ஏதோ ஜிலேபி எழுத்து. யூடியூப்ல லட்சக்கணக்குல போகும்னு சொல்றாங்க.
(ஆலங்குடி வாசகர்)

அம்மன் காசு தம்பி. நம்ம சமஸ்தானத்து காசு. சாமி திருக்கோகர்ணம் பிரகதாம்பாள், ஜிலேபி எழுத்து தெலுங்கு, ‘விஜய’ன்னு இருக்கும். 20 காசு சேர்ந்தா ஒரு அணா. நவராத்திரிக்கு அரண்மனையில அரிசியோட இந்தக் காசும் குடுப்பாங்கன்னு பெரியவங்க சொல்வாங்க. இந்தப் பக்கம் நிறைய வீட்டுல இருக்கு, லட்சமெல்லாம் கனவு. ‘அம்மஞ்சல்லிக்கு பிரயோஜனம் இல்ல’ன்னு திட்டுறோமே, அந்தச் சல்லி. புளி போட்டு தேச்சு பளபளன்னு ஆக்கிடாதீங்க, பச்சை படிஞ்ச மாதிரி இருந்தாலும் அப்படியே ஒரு காகித உறையில போட்டு, அப்பத்தா பேரையும் ஊரையும் எழுதி வைங்க.

ஊர் கோயில் கல்வெட்டுல சாக்பீஸ் தடவி தெளிவா போட்டோ எடுத்து உங்க குழுவுக்கு அனுப்புனேன். பாராட்டுவீங்கன்னு பாத்தா திட்டிட்டாங்க.
(கீரனூர் வாசகர்)

திட்டுனது நானா இருக்கலாம், மன்னிச்சுக்குங்க. ஆனா சாக்பீஸ், மைதா மாவு, கரி, பெயிண்ட் எதுவுமே வேண்டாம். தேய்மானம் ஒரு பக்கம், அதை விட மோசம், நீங்க ‘ர’ன்னு நினைச்சு வெள்ளை தடவுன எழுத்து நிஜத்துல காலா இருக்கும், அப்புறம் அந்தப் போட்டோவ பாக்கிறவன் எல்லாம் உங்க தப்பையே படிப்பான். சாயங்காலம் இருட்டுன பிறகு போங்க, டார்ச்ச நேரா அடிக்காம பக்கவாட்டுல கல்லோட ஒட்டி அடிங்க, எழுத்துப் பள்ளத்துல நிழல் விழுந்து தானா தெரியும். பகல்லனா சும்மா தண்ணி தெளிச்சாலே போதும்.

முறையா செய்யணும்னா படியெடுக்கணும். கல்ல பிரஷ் போட்டு கழுவி, நனைச்ச காகிதத்த ஒட்டி, பிரஷ்ஷால தட்டித் தட்டி எழுத்துக்குள்ள இறக்கி, அரை ஈரமா காஞ்சதும் மை ஒத்துவாங்க, எழுத்து வெள்ளையாவும் சுத்தி கறுப்பாவும் வரும். இந்த மே மாசம் பயிற்சி வைக்கறோம், எங்க கிட்ட இருக்கிற ஒரு பழைய ஆட்டுக்கல்லுல எழுத்து வெட்டி வச்சிருக்கோம், அதுல தான் பழகணும். பாதுகாக்கப்பட்ட சின்னங்கள்ல தொல்லியல் துறை அனுமதி இல்லாம யாரும் கை வைக்கக் கூடாது. இன்னொண்ணு, நீங்க அனுப்புன கல்வெட்டு புதுசு இல்ல, சமஸ்தானம் 1929லேயே கல்வெட்டு வாசகங்களைத் தொகுத்து அச்சு போட்டுச்சு, அதுல இருக்கு. கண்டுபிடிச்சேன்னு பேப்பருக்கு சொல்றதுக்கு முன்னாடி அதைப் புரட்டிப் பாக்கறது நல்லது, நானே ஒரு தடவை அசிங்கப்பட்டிருக்கேன்.

மீன்பிடித் திருவிழா அன்னிக்கும் உங்க ஆளுங்க டேப்போட நிக்கிறாங்களாமே, மீனுக்கா கல்லுக்கா?
(விராலிமலை வாசகர்)

ரெண்டுக்கும் தான். ஊர்ப் பெரியவர் கரையில நின்னு வெள்ளைத் துண்ட வீசுனதும் ஊத்தா, கச்சா, வலை, பரின்னு ஆயிரம் பேரு கம்மாய்க்குள்ள இறங்கறது சாதாரண காட்சியா? அன்னிக்கு தான் வெளியூர்ல வேலை பாக்கிற ஆளும் ஊர்ல இருப்பார், எந்த மடை எப்ப உடைஞ்சது, எந்தத் தூண்ல எழுத்து இருக்குன்னு கரையில உக்காந்திருக்கிற பெருசுங்க சொல்லும். நாங்க அலைஞ்சு திரிஞ்சு ஒரு மாசத்துல கேக்க முடியாதத அன்னிக்கு ஒரு காலையில கேட்டுடலாம். போன வருஷம் துணி துவைக்கிற கல்லா கிடந்த ஒரு உடைஞ்ச தூண் இப்படித் தான் தெரிய வந்துச்சு. கையில கெண்டை, சட்டையெல்லாம் சேறு, வீட்டுல மட்டும் கல்லுக்குப் போனேன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க.

தாத்தாவுக்கு 86 வயசு. அவர் பேச்ச ரெக்கார்ட் பண்ணணும், என்ன கேக்கறதுன்னே தெரியல. ‘அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு’ன்னா ‘நல்லா இருந்துச்சு’ங்கறார்.
(கந்தர்வகோட்டை வாசகி)

அப்படிக் கேட்டா யாரும் அதான் சொல்வாங்க. பொருள வச்சுக் கேளுங்க. வீட்டுல மரக்கால் இருந்தா அவர் முன்னாடி வைங்க, கூலி எத்தனை படி அளந்தாங்கன்னு ஆரம்பிங்க. வருஷம் கேக்காதீங்க, சம்பவம் கேளுங்க. 1948 மார்ச்சுல சமஸ்தானம் இந்தியாவோட சேர்ந்தப்போ அவருக்கு பள்ளிக்கூடம் போற வயசு இருக்கும், 1974ல மாவட்டம் ஆனது நல்லாவே ஞாபகம் இருக்கும், அதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேட்டா கணக்கு தானா விழும். பழைய போட்டோ இருந்தா இன்னும் சுலபம். கண்ணாடியோட ஒட்டிப் போனத பிய்க்காதீங்க, அப்படியே மேல இருந்து போட்டோ எடுங்க, லேமினேஷன் வேண்டவே வேண்டாம். வைகாசியில உங்க பக்கம் ஸ்கேனரோட வரோம், காப்பி எடுத்துட்டு ஒரிஜினல அங்கேயே குடுத்துடுவோம். ஒரு வீட்டு ஆல்பத்தையும் நாங்க தூக்கிட்டு வரதில்ல, முன்னாடி யாரோ அப்படி வாங்கிட்டுப் போய் திரும்பித் தராம ஊரே எங்கள சந்தேகமா பாத்த அனுபவம் இருக்கு.

கம்மாயில வண்டல் எடுக்கறப்போ ஜேசிபி ஒரு பெரிய பானைய உடைச்சிருச்சு. உள்ள எலும்பு மாதிரி. டிரைவர் மூடிடலாம்ங்கறார். என்ன பண்ண?
(குன்றாண்டார்கோவில் பக்கத்து விவசாயி)

இந்தக் கேள்வி வந்த அன்னிக்கே போன்ல பேசிட்டேன், மத்தவங்களுக்காக எழுதறேன். வண்டிய நிறுத்துங்க. அது முதுமக்கள் தாழியா தான் இருக்கும், அந்தக் காலத்துல இறந்தவங்கள வச்சுப் புதைச்ச பானை. நம்ம பக்கம் அந்தத் தாழியும், புதைச்ச இடத்தச் சுத்தி கல் வச்ச கல்வட்டமும் நிறைய. உடைஞ்ச பானை ஓடுகளையும் சேர்த்து எதையும் எடுக்காதீங்க, எது எதுக்குப் பக்கத்துல கிடந்துச்சுங்கறது தான் ஆய்வாளருக்கு முக்கியம். ஒரு செருப்போ குச்சியோ பக்கத்துல வச்சு, அளவு தெரியற மாதிரி போட்டோ எடுங்க, லொகேஷன சேவ் பண்ணுங்க, விஏஓ கிட்ட சொல்லி தாசில்தாருக்கு எழுதிக் குடுங்க. நிலம் போயிடும், வேலை நின்னுடும்னு பயப்படறாங்க. வண்டல வேற பக்கம் அள்ளச் சொல்லிக் கேளுங்க, கம்மாய் பெருசு. காசு, நகைன்னு ஏதாவது வந்துச்சுன்னா பங்கு போட்டுக்காதீங்க, 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையல் கிடைச்சா கலெக்டருக்கு தெரிவிக்கணும்னு 1878ல போட்ட சட்டம் இன்னும் இருக்கு.

நடைக்கு வரணும்னா ஃபீஸ் எவ்ளோ, என்ன எடுத்துட்டு வரணும்?
(பல பேர்)

ஃபீஸ் இல்ல. தண்ணி ரெண்டு லிட்டர், தொப்பி, பழைய செருப்பு, கம்மாய்த் தரை வெடிச்சிருக்கும், கருவேல முள்ளு வேற. நோட்டு பென்சில் கொண்டு வாங்க. 9 மணிக்கு இட்லி நாங்க தரோம், சீசன்னால வடகாட்டுப் பலாவும் இருக்கும், கத்தியும் தேங்காண்ணெயும் மட்டும் யாராவது ஒருத்தர் மறக்காம எடுத்துட்டு வாங்க, போன தடவை கையெல்லாம் பிசினோட கல்வெட்ட தொட வந்துட்டாங்க.