இருபதாவது பூனை (கடிதம்)

அன்புள்ள ஐயா,
சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் (வீடமைப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறேன். தெருவில் விட்டுப்போன குட்டிகளை மனம் கேட்காமல் தூக்கி வருவேன். இப்போது 6 நாய்கள், 19 பூனைகள். ஒரு குடும்பம் காவலுக்கு நாய் கேட்கிறது. கட்டிப்போட்டுத்தான் வைப்பார்களாம். கொடுக்கலாமா? அக்கம்பக்கத்தாரின் ஏச்சு வேறு.
வாசகி

அன்புள்ள சகோதரி,

அக்கம்பக்கத்தாரை விடுங்கள். 25 உயிர்கள் உள்ள வீட்டுக்குச் சுவரோடு சுவராகக் குடியிருந்தால் நானும்தான் ஏசுவேன்.

நான் தேடிய ஒரு சொல் உங்கள் கடிதத்தில் இல்லை. கருத்தடை. எத்தனைக்குச் செய்தாயிற்று? பெட்டைப் பூனை நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினை ஒன்பது வாரம்தான். குட்டிக்குப் பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகும். நீங்கள் தெருவிலிருந்து தூக்கி வருவதைவிட உங்கள் வீட்டில் பிறப்பது அதிகமாகிவிடும், தாயே! காசில்லை என்பீர்கள். சரி, அப்படியானால் இருபதாவதைத் தூக்காதீர்கள். அதற்குப் போடும் தீனிக் காசைச் சேர்த்து, இருக்கிற பெட்டைக்கு அறுவை செய்யுங்கள். கல்நெஞ்சுக்காரன் என்று திட்டிக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

எங்கள் தோட்டம் கைமாறி, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்தபோது ஆட்களுக்கு ஏதோ நஷ்டஈடு கிடைத்தது. மலிவுவிலை அடுக்குமாடிக்கு நாயைக் கொண்டுபோக முடியாது. அவை பூட்டிய லயத்து வாசலிலேயே படுத்துக் கிடந்தன. நான் ஒரு வாடகை வீடு பிடித்து, முடிந்தவற்றைக் கொண்டுவந்தேன். அப்புறம் மீன் கடையோரம் கிடந்த நாலு நாய்க்குட்டிகளையும் தூக்கிவந்து, தடுப்பூசி போடாமல் மற்றவற்றோடு விட்டேன். சில நாளில் வாந்தி, ரத்தக் கழிச்சல். பார்வோ என்ற தொற்றுநோய். ஏழு குட்டிகள் போயின. அதோடு விட்டேனா? வாசலைக் கழுவிவிட்டு அடுத்த மாதமே இன்னும் இரண்டைத் தூக்கிவந்தேன். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும் என்று டாக்டர் சொன்னது, அவற்றையும் புதைத்த பிறகுதான். மீன் கடையிலேயே விட்டிருந்தால் ஒன்றாவது பிழைத்திருக்கும்.

மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் வளர்ப்பவரின் கடமையாகத் தீனியை மட்டும் சொல்லவில்லை. தகுந்த இடம், இயல்பாக நடந்துகொள்ள வசதி, நோயிலிருந்து காப்பு எல்லாம் சொல்கிறது. நாய் கேட்டவர்களுக்குள்ள அதே கடமை உங்களுக்கும்தான்.

ஆமாம், அவர்களைப் பற்றித்தானே கேட்டீர்கள். நேரில் போய்ப் பாருங்கள். வேலி இருக்கிறதா, ராத்திரியாவது அவிழ்த்துவிடுவார்களா என்று கேளுங்கள். வேண்டாமென்றால் உங்களிடமே திருப்பித் தரச் சொல்லுங்கள். பெட்டை நாயென்றால் அறுவை முடித்த பிறகு கொடுங்கள்.