வெறும் பெட்டியும் உரப்பையும்: வீட்டுப் பொருள்களை அடுக்கி வைப்பது பற்றிய கேள்வி பதில்

கடைகளிலிருந்தும் வயலிலிருந்தும் வீட்டுக்கு வந்து சேரும் மட்டைப் பெட்டி, உரப்பை, போத்தல் போன்றவற்றில் தட்டுகளும் கூடைகளும் செய்வது பற்றி வன்னியின் பல ஊர்களிலிருந்தும் உறவுகள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பரந்தனிலிருந்து ஒரு தங்கை: அக்கா, பிள்ளைகளின் புத்தகங்களுக்காகப் பிஸ்கற் பெட்டி மட்டையில் ஒரு தட்டுச் செய்தேன். இரண்டு கிழமைக்குள் நடுவில் தொய்ந்துவிட்டது. பசை போதவில்லையா?

பசையில் பிழை இருக்காது, தங்கச்சி. மட்டையை வெட்டிய திசையில்தான் பிழை இருக்கும். வெட்டிய விளிம்பைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். இரண்டு தாள்களுக்கு நடுவே மூன்றாவது தாள் ஒன்று அலை அலையாக மடிந்து, வரிசையாகச் சிறு குழாய்களை அடுக்கியதுபோல நிற்கும். அந்தக் குழாய்கள் நீளவாக்கில்தான் பாரம் தாங்கும். குறுக்கே அழுத்தினால் மடிந்து போகும். ஆகவே பக்கச் சுவர்களில் அவை பந்தற்கால்போல நிமிர்ந்து நிற்க வேண்டும். புத்தகம் வைக்கும் கிடைத்தட்டில் ஒரு பக்கச் சுவரிலிருந்து மறு பக்கச் சுவர்வரை ஓட வேண்டும். கிடைத்தட்டுக்கு மூன்று மட்டைகளை எடுத்து, நடு மட்டையை மட்டும் குறுக்காகத் திருப்பி ஒட்டி, மேலே ஒரு பலகையும் அதன்மேல் ஓர் அரிசி மூட்டையும் வைத்து, ஓரிரவு விட்டு எடுத்தால் அது பலகைபோலவே விறைத்து நிற்கும். அப்படியிருந்தும் தாங்கி இல்லாத இடைவெளி ஒரு முழத்தைத் தாண்டக்கூடாது என்பது என் அனுபவம்.

பசைக்கு ஒரு பங்கு கோதுமை மாவை ஐந்து பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடிபோலத் தெளியும்வரை காய்ச்சுங்கள். மாரி காலத்தில் மாப்பசை காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். அப்போது தச்சர்கள் பாவிக்கும் வெள்ளைப் பசையே நல்லது.

ஒட்டுசுட்டானிலிருந்து: எங்களுடையது மண் நிலம். மட்டையில் எதைச் செய்தாலும் கறையான் விடுவதில்லையே?

மரத்தில் எந்தப் பொருளைக் கறையான் தின்கிறதோ அதே பொருளால் ஆனதுதான் மட்டையும். அதனால் நிலத்திலும் சுவரிலும் தொடாதபடி வைப்பதைவிட வேறு வழி இல்லை. நான்கு மூலைகளிலும் மண் நிரப்பி இறுக மூடிய சிறு போத்தல்களைக் காலாக வைத்து, நான்கு விரல் உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். கறையான் மண்புற்று எழுப்பாமல் ஏறாது. அந்த மண் கோடு போத்தலில் தெரிந்த அன்றே துடைத்துவிடலாம். கால்களைத் தண்ணீர்ச் சிரட்டையில் நிறுத்தலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், ஒரு கிழமை தேங்கிய தண்ணீரே டெங்கு நுளம்பு பெருகப் போதும்.

முத்தையன்கட்டிலிருந்து ஒரு தம்பி: வயலுக்கு மருந்து அடித்த போத்தல்களும் கான்களும் நிறையக் கிடக்கின்றன. உறுதியானவை, மூடியும் நல்லது. சவர்க்காரம் போட்டு மூன்று தடவை கழுவினால் சமையலறைக்கு எடுக்கலாமா?

எடுக்கவே கூடாது, தம்பி. சமையலறைக்கு மட்டுமல்ல, ஆணி போட்டு வைக்கவும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். மருந்து போத்தலின் உட்சுவரில் ஒட்டியிருப்பதோடு பிளாஸ்ரிக்குக்குள்ளும் ஊறிவிடுகிறது. மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணீரை மருந்து அடிக்கும் தாங்கியிலேயே ஊற்றச் சொல்வது, போத்தலை மீண்டும் பாவிப்பதற்காக அல்ல, பாதுகாப்பாகக் கழிப்பதற்காக. அலசிய பின் அடியில் துளையிட்டுவிடுங்கள். அப்போது வேறு யாரும் எடுத்து எண்ணெய் ஊற்ற மாட்டார்கள். எரிக்கவும் வேண்டாம், அந்தப் புகை நஞ்சு. அழகான கான் என்று எடுத்து வைத்ததைத் தண்ணீர்க் கான் என்று நினைத்து ஒரு குழந்தை வாயில் வைத்துவிட்டால், அதற்கு யார் பதில் சொல்வது? உங்கள் மனம் நோக எழுதவில்லை. இந்த ஒன்றில் மட்டும் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது.

அக்கராயனிலிருந்து: யூரியாப் பையில் தைத்த சப்பாத்துப் பை ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிகிறது.

உரப்பை என்பது தட்டையான பிளாஸ்ரிக் நாடாக்களால் நெய்த துணி. வெட்டிய இடத்தில் ஒவ்வொரு நாடாவும் கழன்று வரும். வெட்டிய ஓரத்தை மெழுகுதிரிச் சுவாலைக்கு அருகே, தொடாமல், மெல்ல இழுத்தால் நுனிகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதன்பின் இரண்டாக மடித்துத் தையுங்கள். வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும். வெயில் படும் சுவரில் மட்டும் தொங்கவிடாதீர்கள். சில மாதங்களில் பொடிப்பொடியாக உதிரும். உணவுப் பொருள் எதையும் இதில் வைக்க வேண்டாம்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஓர் அம்மா: பிள்ளை, நான் சின்ன வயதிலிருந்து ஓலைப்பெட்டி இழைக்கிறவள். பெட்டிகளைக் கட்டி வருகிற பிளாஸ்ரிக் நாடாவில் கடகம் இழைக்க முடியுமா?

முடியும் அம்மா, உங்கள் கை என் கையைவிட நன்றாகவே இழைக்கும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஓலையை நனைத்து இழைத்தால் வளைந்து கொடுக்கும், காய்ந்ததும் மடித்தபடியே நிற்கும். நாடா நனையாது, மடித்தாலும் நிமிரவே பார்க்கும். ஆகவே அடியை இழைத்து முடித்ததும் நான்கு பக்கமும் துணி உலர்த்தும் கிளிப்புகளைப் போட்டு, ஒவ்வொரு சுற்றும் முடிய விரலால் கீழே தட்டி நெருக்குங்கள். கடகத்தின் வாய் விளிம்பில் மிச்ச நுனிகளை உட்பக்கம் மடித்து, மூன்று இழை கீழே செருக வேண்டும். ஒரு இழை போதாது. ஓலைக் கடகத்துக்கு நார் பொத்துவதுபோல வாயைச் சுற்றிப் பனை நாராலேயே கட்டுங்கள். நாடாவோடு நாடா வழுக்கும், நார் வழுக்காது.